மேடையை விட்டு ஆளைப் பார்த்த காமிரா

பண்ணுருட்டியிலிருந்து வடலூர் செல்லும் சாலையில் காடாம்புலியூரைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றால் நெய்வேலி. அங்கே 1957-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள், பிரதமர் நேரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் வெட்டுப் பணியைத் தொடங்கி வைத்தார். இப்படிப்பட்ட விழாக்களில் காமிரா எங்கே நிற்கும்? மேடைக்கு எதிரே நிற்கும். யாரைப் பார்க்கும்? மாலை வாங்குவோரைப் பார்க்கும். மண் வெட்டுகிறவனை? அவனைப் பார்க்காது! அவன் கூட்டத்தில் ஒரு தலை. கணக்கில் ஓர் எண். கூலிப் பட்டியலில் ஒரு கைநாட்டு!

அதே 1957-ஆம் ஆண்டு, வடக்கே ஒரிசாவில், மகாநதியின் குறுக்கே கட்டப்பட்ட ஹிராகுட் அணையின் மீது ஒரு காமிரா உலவிற்று. அணையை நேரு திறந்து வைத்தது சனவரி 13-ஆம் நாள். விழா முடிந்துவிட்டது. விருந்தினர் போய்விட்டனர். அந்தக் காமிரா தேடியது விழாவை அல்ல, வேலையை முடித்துவிட்டு மூட்டை கட்டுகிற ஒரு கூலித் தொழிலாளியை! அதைக் கொண்டுவந்தவர் நம் நாட்டவர் அல்லர், இத்தாலி நாட்டவர். பெயர் ராபர்ட்டோ ரோசலினி.

உழைத்து உண்ணும் தோழர்களே! இந்த ரோசலினியின் கதையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் குறையற்ற மனிதர் என்பதற்காக அல்ல. குறை நிறைய உண்டு, அதையும் சொல்லத்தான் போகிறோம். சீமான்களின் மாளிகைக்குள் அடைபட்டுக் கிடந்த திரைப்படத்தைக் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்து, இதோ மனிதன், இவனைப் பார் என்று காட்டியவர்களில் அவர் முன்னவர் என்பதற்காக!

முசோலினி நிழலில்

1906 மே 8-ஆம் நாள் ரோம் நகரில் பிறந்தார் ரோசலினி. தந்தை கட்டடத் தொழிலில் பொருள் குவித்தவர். ரோமில் அவர் ஒரு திரையரங்கும் கட்டினார். மகனுக்கு அங்கே எப்போதும் கட்டணமில்லா நுழைவு. கொட்டகையில் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் நாம். அவரோ அரங்கையே சொந்தமாகக் கொண்ட வீட்டுப் பிள்ளை! ஆனால் தந்தை மறைந்த பின் செல்வம் கரைந்தது. பிள்ளை பிழைப்புத் தேடிப் படத் தொழிலுக்குள் நுழைந்தார். படங்களுக்கு ஒலி சேர்க்கும் சிறு வேலையில் தொடங்கி, தொழிலின் பல பிரிவுகளிலும் கை பழகினார்.

அப்போது இத்தாலியில் கோலோச்சியவன் முசோலினி. 1922-இல் ஆட்சியைப் பிடித்த அந்தச் சர்வாதிகாரிக்கு, துப்பாக்கியைப் போலவே திரைப்படமும் ஓர் ஆயுதம் என்பது தெரிந்திருந்தது. 1937-இல் ரோமுக்கு அருகே ‘சினிசிட்டா’ என்ற மாபெரும் படப்பிடிப்பு நகரமே எழுந்தது. அங்கே எடுக்கப்பட்ட படங்களில் ஒரு வகைக்கு ‘வெள்ளை டெலிபோன்’ படங்கள் என்று பெயர். பளபளக்கும் மாளிகை, அதிலே வெண்ணிற டெலிபோன், அதைக் காதில் வைத்துக் காதல் பேசும் சீமாட்டி! நாட்டிலே ரொட்டிக்கு வரிசை, திரையிலே டெலிபோனுக்கு வெள்ளைச் சாயம்! ஏழையின் குடிசை அந்தத் திரையில் நுழைய வழியில்லை.

ரோசலினி அந்த ஆட்சியை எதிர்த்து நின்றாரா? இல்லை! முசோலினியின் மகன் வித்தோரியோ அவருக்கு நண்பர். 1941 முதல் 1943 வரை போரைப் பற்றி மூன்று படங்களை எடுத்துத் தந்தார். கடற்படையைப் பற்றி ஒன்று, விமானியைப் பற்றி ஒன்று, போர்முனைப் பாதிரியாரைப் பற்றி ஒன்று. கொடுங்கோலனின் ஆட்சிக்குப் பயன்பட்ட படங்கள் அவை. பிற்காலப் புகழைக் கொண்டு இதை மூடி மறைக்க முடியாது; மறைக்கவும் கூடாது. ஆனால் ஒன்று கேளுங்கள்: சேற்றில் விழுந்தவன் எழுந்த பிறகு எந்தத் திசையில் நடந்தான்? அதிலேதான் அவன் வாழ்வின் பொருள் இருக்கிறது.

இடிபாட்டில் பிறந்த படம்

1943 சூலையில் முசோலினி வீழ்ந்தான். செப்டம்பரில் ஜெர்மானியப் படை ரோமைப் பிடித்தது. ஒன்பது மாதம்! வீடு புகுந்து ஆட்களை இழுத்துச் சென்றார்கள். கட்டாய வேலைக்கு அனுப்பினார்கள். எதிர்த்தவர்களைச் சித்திரவதை செய்தார்கள். 1944 மார்ச் 3-ஆம் நாள், பிடிபட்ட தன் கணவனைக் காணச் சென்ற தெரேசா குல்லாச்சே என்ற ஏழைத் தாயை, கருவுற்றிருந்த அந்தப் பெண்ணை, ஒரு ஜெர்மன் சிப்பாய் சுட்டுக் கொன்றான். எதிர்ப்புப் படைக்கு உதவிய மொரோசினி என்ற பாதிரியார், அடுத்த மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். 1944 சூன் 4-ஆம் நாள்தான் ரோம் விடுதலை பெற்றது.

விடுதலை பெற்ற நகரில் என்ன இருந்தது? பசி இருந்தது, இருட்டு இருந்தது. சினிசிட்டாவின் படப்பிடிப்புக் கூடங்களில், போரில் வீடிழந்த அகதிகள் குடியிருந்தார்கள். படச்சுருள் தட்டுப்பாடு, மின்சாரம் தட்டுப்பாடு, பணமோ கடன்! இந்த நிலையில், 1945 சனவரியில், வட இத்தாலியில் போர் இன்னும் முழங்கிக்கொண்டிருந்தபோதே, ரோசலினி காமிராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்.

மாளிகை வேண்டுமா? வேண்டாம், இடிந்த வீடு போதும். ஒப்பனை வேண்டுமா? வேண்டாம், பசித்த முகம் போதும். காட்சிகளைப் பேச்சில்லாமல் எடுத்து, உரையாடலைப் பின்னர் சேர்த்தார்கள். நகைச்சுவை மேடைகளில் புகழ்பெற்றிருந்த அன்னா மாஞானியும் ஆல்டோ ஃபாப்ரிசியும் முக்கிய வேடம் ஏற்றார்கள். கதை அமைத்தவர்களில் ஒருவர், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஃபெல்லினி. அப்படிப் பிறந்ததுதான் ‘ரோம் — திறந்த நகரம்’.

அந்தப் படத்தில், கட்டிக்கொள்ளப் போகிறவனை ஏற்றிச் செல்லும் வண்டியின் பின்னே ஒரு பெண் ஓடுகிறாள். அலறிக்கொண்டு ஓடுகிறாள். துப்பாக்கி வெடிக்கிறது. தெருவிலே விழுகிறாள். அந்தத் தெருவில் ஓடியது அன்னா மாஞானி மட்டுமல்ல, தெரேசா குல்லாச்சேயும்தான் என்பது ரோம் மக்களுக்குத் தெரியும்! ஒரு கம்யூனிஸ்டுப் போராளி சித்திரவதையில் மாள்கிறான். ஒரு பாதிரியார் குண்டுக்கு இரையாகிறார். கொள்கையிலே இரு துருவம். கொடுமையை எதிர்ப்பதிலே ஒரே அணி! பாதிரியார் வீழ்வதைக் கம்பி வேலிக்கு அப்பால் நின்று பார்த்த சிறுவர்கள், தோளோடு தோள் சேர்த்து நகரை நோக்கி நடக்கிறார்கள். படம் முடிகிறது.

1946-இல் பிரான்சு நாட்டுக் கான் நகரில் நடந்த திரைப்பட விழாவில் பெரும்பரிசு பெற்ற படங்களுள் இது ஒன்று. அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்ட இன்னொரு படம் எது தெரியுமா? நம் நாட்டுப் படம்! சேத்தன் ஆனந்த் இந்தியில் எடுத்த ‘நீச்சா நகர்’. பணக்காரன் தன் ஆதாயத்துக்காகச் சாக்கடையை ஏழைகளின் பகுதிக்குத் திருப்பிவிடும் கதை. ரோமின் இடிபாடும் இந்தியாவின் சாக்கடையும் ஒரே மேடையில் பரிசு பெற்றன! ஏழையின் துயரத்துக்கு எல்லைக்கோடு ஏது?

அடுத்து ‘பைசா’. நம் காசு அல்ல, தோழர்களே. அந்த மொழியில் நம்ம ஊர்க்காரன் என்பது போன்ற பொருள். தெற்கே சிசிலியிலிருந்து வடக்கே போ ஆற்றின் சதுப்பு நிலம் வரை ஆறு கதைகள். அவற்றில் ஒன்றில், அமெரிக்கப் படையைச் சேர்ந்த ஒரு கறுப்பினச் சிப்பாயின் காலணியை நேப்பிள்ஸ் நகரச் சிறுவன் திருடிவிடுகிறான். திருடனைப் பிடித்து அவன் வீட்டுக்கு இழுத்துச் செல்கிறான் சிப்பாய். வீடு எங்கே? ஒரு குகை! குண்டுவீச்சில் தாய் தந்தையை இழந்த சிறுவன் அவன். காலணியைத் திரும்ப வாங்காமலே போய்விடுகிறான் சிப்பாய். அமெரிக்காவில் ஒடுக்கப்பட்டவன், இத்தாலியில் இல்லாதவனைக் கண்டு தலைகுனிந்தான். இதற்கு விளக்கவுரை வேண்டுமா?

1946-இல் ரோசலினியின் ஒன்பது வயது மகன் ரோமானோ நோயில் இறந்தான். அந்தத் துயரத்தைச் சுமந்துகொண்டே பெர்லின் நகருக்குப் போனார். போன இடம் பகைவனின் நாடு! அங்கேயும் இடிபாடு; அங்கேயும் பசித்த பிள்ளை. வலிமையற்றவர் வாழத் தகுதியற்றவர் என்ற நாஜி நஞ்சைத் தன் ஆசிரியரிடமிருந்து உட்கொண்ட ஒரு சிறுவன், நோயுற்ற தந்தைக்கு விஷம் கொடுத்துவிட்டு, தானும் மாடியிலிருந்து வீழ்ந்து மடிகிறான். 1948-இல் வந்த ‘ஜெர்மனி — பூச்சிய ஆண்டு’ அதுதான். அதை இறந்த மகனின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். நாட்டைக் கெடுக்கும் கருத்து முதலில் பள்ளிப் பிள்ளையைத்தான் பலி வாங்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை உண்டா?

அதே 1948-இல் வித்தோரியோ தெ சிகா ‘சைக்கிள் திருடர்கள்’ எடுத்தார். சைக்கிள் பறிபோனால் வேலையும் பறிபோகும் என்ற நிலையிலுள்ள ஒரு கூலியின் கதை. கூலியாக நடித்தவர் உண்மையிலேயே ஓர் ஆலைத் தொழிலாளி! 1950-இல் இலண்டனில் அந்தப் படத்தைப் பார்த்தார் சத்யஜித் ராய். 1955-இல் ‘பதேர் பாஞ்சாலி’ வந்தது. 1952-இல் நம் நாட்டின் முதல் அனைத்துலகத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்தது. ரோசலினியின் ரோம், தெ சிகாவின் சைக்கிள் இரண்டும் அந்த விழாவின் படங்கள். நாட்டுப் பிரிவினையின் அகதிகளைப் பற்றிக் கல்கத்தாவில் படமெடுத்த நிமாய் கோஷ், பிறகு சென்னையில் குடியேறி, 1960-இல் தமிழில் ‘பாதை தெரியுது பார்’ என்ற தொழிலாளர் படத்தைத் தந்தார். வசூல் வரவில்லை, ஆனால் வரலாற்றில் அதற்கு இடம் உண்டு.

தடை போட்டார்கள், தோற்றார்கள்!

தெருவைக் காட்டினால் திருச்சபைக்குக் கோபம் வராதா? வந்தது! ரோசலினி ‘அற்புதம்’ என்றொரு சிறு படம் எடுத்தார். ஆடு மேய்க்கும் ஒரு பேதைப் பெண், வழியில் கண்ட அந்நியனைப் புனிதர் சூசையப்பர் என்று நம்பிவிடுகிறாள். கருவுறுகிறாள். தெய்வ அருள் என்றே எண்ணுகிறாள். ஊரோ அவளை எள்ளி நகையாடி விரட்டுகிறது. கோயிலுக்குப் போகிற ஊர்தான்! கருணையைப் பற்றிப் பேசுகிற ஊர்தான்! அந்த ஊர் ஓர் ஏழைப் பெண்ணுக்குக் காட்டிய கருணையின் இலட்சணம் அது!

1950 கடைசியில் படம் நியூயார்க்கில் ஓடியது. மத நிந்தனை என்று கூக்குரல். கர்தினால் ஸ்பெல்மன் கண்டனம். திரையரங்கின் முன் மறியல். 1951-இல் மாநில அதிகாரிகள் அனுமதியைப் பறித்தார்கள். வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை போயிற்று. 1952 மே 26-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. திரைப்படமும் கருத்துரிமையின் பாதுகாப்புக்கு உரியது. மத நிந்தனை என்று காரணம் காட்டி அதைத் தடுக்க முடியாது! 1915-இல் அதே நீதிமன்றம், திரைப்படம் வெறும் வாணிபம் என்று சொல்லியிருந்தது. 37 ஆண்டுக்குப் பின் அது மாற, ஓர் ஆட்டிடைச்சியின் கதை தேவைப்பட்டது.

அதே 1952-இல், அக்டோபர் 17-ஆம் நாள், தமிழகத்தில் ‘பராசக்தி’ வெளிவந்ததை நாம் மறக்க முடியுமா? கலைஞர் கருணாநிதியின் உரையாடல், சிவாஜி கணேசனின் முதல் படம். அதைத் தடை செய் என்று இங்கேயும் கூச்சல் கிளம்பிற்று. படம் நின்றது, நிலைத்தது. நியூயார்க்கில் எழுந்த குரலும் சென்னையில் எழுந்த குரலும் ஒன்றையொன்று அறியா. ஆனால் அச்சம் ஒன்றே! பாமரன் திரையைப் பார்த்துச் சிந்திக்கத் தொடங்கிவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சம்!

புகழும் பழியும்

ஹாலிவுட்டின் முடிசூடா அரசியாக விளங்கிய இங்கிரிட் பெர்க்மன், ரோசலினியின் படத்தைப் பார்த்து வியந்து, அவரோடு பணியாற்ற விரும்பிக் கடிதம் எழுதினார். 1949-இல் இத்தாலி வந்தார். இருவரும் ஏற்கெனவே மணமானவர்கள், காதல் மலர்ந்தது, உலகம் கொதித்தது. அமெரிக்க செனட் சபையிலேயே அந்த அம்மையாரைக் கண்டித்துப் பேசினார்கள். 1950-இல் மணம் செய்துகொண்டனர், பின்னர் பிரிந்தனர். ரோசலினியின் குடும்ப வாழ்வு பலரைக் காயப்படுத்தியது. அதற்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் அந்த நாளில் அவர் எடுத்த ‘ஐரோப்பா 51’ என்ற படத்தைத் தொழிலாளத் தோழர்கள் அறிய வேண்டும். சீமாட்டி ஒருத்தி மகனைப் பறிகொடுக்கிறாள். துயரம் அவளை ஏழைகளின் குடியிருப்புக்கு அழைத்துப் போகிறது. வேலைக்குப் போக முடியாத ஓர் ஏழைத் தாய்க்குப் பதிலாக ஒருநாள் ஆலைக்குப் போகிறாள். ஒரே ஒரு நாள்! எந்திரத்தின் இரைச்சலும் மனிதர்களின் அவதியும் அவளை உலுக்கிவிடுகின்றன. பிறகு அவள் ஏழைகளுக்காகவே வாழத் தொடங்குகிறாள். உறவினர் என்ன செய்தார்கள்? பைத்தியம் என்று பட்டம் கட்டி மருத்துவமனையில் அடைத்தார்கள்! நீயும் நானும் நாள்தோறும் செய்கிற வேலையை ஒருநாள் செய்து பார்த்து, அது கொடுமை என்று சொன்னதற்குப் பரிசு பைத்தியப் பட்டம்!

விமரிசகர்கள் கைவிட்டார்கள், வசூல் கைவிட்டது. பாரிசில் ட்ரூஃபோ, கோதார் போன்ற இளைஞர்கள் மட்டும் அவரை ஆசானாகக் கொண்டாடினார்கள். இந்த நேரத்தில்தான், 1956 டிசம்பரில், அவர் இந்தியாவுக்கு வந்தார்.

ஹிராகுட் தொழிலாளி

வெளிநாட்டார் வந்தால் எதைப் படம் பிடிப்பார்கள்? பாம்பாட்டி, பக்கிரி, மகாராசா! ரோசலினியும் யானையைப் பிடித்தார், புலியைப் பிடித்தார், குரங்கைப் பிடித்தார், மறுப்பதற்கில்லை. ஆனால் யானையோடு பாகனின் உழைப்பையும் காட்டினார். மலபார்க் காயல்களுக்குப் போனார், கேரளத்தைக் கண்டார். ஹிராகுட்டில் அவர் எடுத்த பகுதிதான் எல்லாவற்றிலும் உச்சம்.

அங்கே அவர் காட்டிய தொழிலாளி கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதி. நாட்டுப் பிரிவினையில் ஊரை இழந்தவன். அணை வேலைக்கு வந்து, ஆண்டுக் கணக்கில் உழைத்து, அங்கேயே குடும்பம் கண்டவன். கரைகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நீளமுள்ள அணை அது! அது எழும்பியதில் நூற்றுக்கணக்கான ஊர்களின் நிலம் நீரில் மூழ்கிற்று. பல்லாயிரம் குடும்பங்கள் பெயர்ந்தன. அணை முடிந்தது. அகதிக்கு மறுபடியும் பயணம்! மனைவி போக மாட்டேன் என்று அழுகிறாள். அவனோ கடைசி முறையாகத் தான் கட்டிய அணையைச் சுற்றி நடக்கிறான். பெருமையும் பிரிவும் ஒரே நெஞ்சில்! கட்டியவன் போகிறான், கட்டடம் நிற்கிறது. அணையின் வரலாற்றில் மந்திரிகளின் பெயர் இருக்கும். அவன் பெயர் இருக்குமா?

1957-இல், மணமான ஒரு வங்கப் பெண்மணியோடு ரோசலினிக்கு ஏற்பட்ட உறவு ஏடுகளின் வெறும் வாய்க்கு அவலாயிற்று. படத்தைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் படுக்கையைப் பற்றியே பேசினார்கள். ‘இந்தியா — மாத்ரு பூமி’ 1959-இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. ஹிராகுட் தொழிலாளியை ஐரோப்பா கண்டது. நம் நாட்டு மக்களோ வம்பைக் கேட்ட அளவுக்குப் படத்தைக் கண்டதில்லை!

பாவத்தைக் கழுவிய பாத்திரம்

அதே 1959-இல் ‘ஜெனரல் தெல்லா ரோவரே’ வெளிவந்து வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கப் பரிசைப் பகிர்ந்துகொண்டது. நாயகனாக நடித்தவர் தெ சிகா. ஓர் ஏமாற்றுப் பேர்வழி ஜெர்மானியரிடம் பிடிபடுகிறான். விடுதலைப் படையின் ஜெனரல் போல வேடமிட்டுச் சிறைக்குள் போய், கைதிகளை உளவு பார் என்று அனுப்புகிறார்கள். போனவன் அங்கே வீரர்களைக் காண்கிறான். வேடம் மெல்ல மெல்ல உண்மையாகிறது. காட்டிக் கொடுக்கப் போனவன், காட்டிக் கொடுக்க மறுத்து, அவர்களோடு நின்று குண்டை ஏற்கிறான்!

முசோலினி ஆட்சிக்குப் படமெடுத்துத் தந்த கையால் எடுத்த படம் இது. இதற்குமேல் சொல்ல வேண்டுமா?

பின்னர் அவர் திரையரங்கை விட்டுத் தொலைக்காட்சிக்குப் போனார். கோடிக்கணக்கானோரின் வீட்டுக்குள் நுழையும் பெட்டி, அறிவையும் கொண்டுபோகட்டும் என்று கருதினார். மனிதன் இரும்பைக் கையாண்ட வரலாறு, பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி, பாஸ்கல், டெகார்ட் என்று வரிசையாக எடுத்தார். 1971-இல் சாக்ரடீசையும் எடுத்தார். நமக்குச் சாக்ரடீஸ் புதியவரா? 1956-இல் ‘ராஜா ராணி’ படத்திலேயே, கலைஞரின் எழுத்தில், சிவாஜி கணேசன் சாக்ரடீசாக நின்று நஞ்சுக் கோப்பையை ஏந்திவிட்டாரே!

1977 மே மாதம் கான் விழாவின் நடுவர் குழுத் தலைவர் ரோசலினி. அந்த ஆண்டின் முதற்பரிசு, தாவியானி சகோதரர்களின் ‘தந்தை எசமான்’ படத்துக்குப் போயிற்று. ஆடு மேய்ப்பதற்காகப் பள்ளியிலிருந்து தந்தையால் இழுத்துச் செல்லப்பட்ட ஒரு சிறுவன், எழுத்தறிவு இல்லாமலே வளர்ந்து, பிறகு முட்டி மோதிக் கற்று, மொழி ஆய்வாளனாக உயர்ந்த உண்மைக் கதை! தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட எளிய படம். விழா முடிந்து ஒரு வாரத்துக்குள், 1977 சூன் 3-ஆம் நாள், ரோமில் மாரடைப்பால் மறைந்தார் ரோசலினி. வயது 71.

தோழர்களே! அவர் மறைந்தார், அவர் கேட்ட கேள்வி மறையவில்லை. காமிரா யாரைப் பார்க்க வேண்டும்?

நெய்வேலியில் 1961-இல் நிலக்கரி தென்பட்டது. மறு ஆண்டு மின்சாரம் பிறந்தது. அதற்காக நிலத்தையும் வீட்டையும் விட்டுப் பெயர்ந்த குடும்பங்களின் கதையைச் சொல்லும் படம் எங்கே? காடாம்புலியூர் வட்டாரத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்கள், ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுக் கருத்துப் போகின்றன. பருப்பு வெள்ளையாகப் பெட்டியில் ஏறுகிறது. கறுப்பு அவர்கள் கையில் தங்குகிறது! அந்த விரல்கள் எந்தத் திரையில் வந்தன?

1945-இல் ரோசலினிக்குப் படச்சுருள் இல்லை, கூடம் இல்லை, பணம் இல்லை. இன்று காமிரா இல்லாத சட்டைப்பை அரிது, கைபேசியே காமிரா! தலைவர் வரும்போது படம் பிடிக்கிறோம். மாலை விழும்போது படம் பிடிக்கிறோம். பிடியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதன்பின், கூட்டம் கலைந்த மைதானத்தில் பந்தல் பிரிக்கிறவனையும், வேலை முடிந்ததென்று திருப்பி அனுப்பப்படும் ஒப்பந்தக் கூலியையும், முந்திரிக் கொட்டகையிலிருந்து வீடு திரும்பும் தாயையும் ஒருமுறை நேருக்கு நேர் பாருங்கள். பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெயரை நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுத மாட்டார்கள்!